இரவுக்கு இரண்டு ரப்பர்

ஒருத்தி மேல் பொறாமை வைத்திருப்பவள், அவளுடைய வேலையைப் பற்றி நியாயமாக ஒரு வார்த்தை சொல்ல முடியுமா? பாத்திரம் தேய்க்கும்போதும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போதும் இதை எனக்கு நானே கேட்டுப் பார்த்துவிட்டேன். முடியும் என்று ஒரு நாள் தோன்றுகிறது. மறுநாள், சும்மா உன்னை நீயே ஏமாற்றிக்கொள்ளாதே என்று தோன்றுகிறது. கேள்வி எழும்போதெல்லாம் கண்முன் வந்து நிற்பது அவளுடைய இடது மணிக்கட்டுதான். மற்றவர்கள் வளையல் போடுகிற இடத்தில் அவள் ரப்பர் போட்டிருப்பாள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ரப்பர் வளையங்கள். மருந்துக் கடையில் மாத்திரை அட்டைகளைச் சேர்த்துக் கட்டுவதற்காக மாட்டிக்கொள்வது. வீட்டுக்கு வந்த பிறகும் கழற்றமாட்டாள். கறிவேப்பிலைக் கட்டு, பிரித்த மிளகாய்த்தூள் பாக்கெட், என் மகனுடைய கலர் பென்சில்கள் எல்லாவற்றிலும் அவளுடைய ரப்பர் ஏறியிருக்கும். அவள் ஓசூருக்குக் குடிபோன பிறகும் எங்கள் சமையலறையில் எங்காவது ஒன்று அகப்படுகிறது. குப்பையில் போடலாம் என்று கையில் எடுப்பேன். போடமாட்டேன்.

அவள் என் ஓரகத்தி, என் கணவருடைய தம்பியின் மனைவி. திருவொற்றியூரில் ஒரே வீட்டில் நாங்கள் கீழே, அவர்கள் மாடியில். சமையல் ஒன்றுதான். நானும் அவளும் மருந்தாளுநர் படிப்புப் படித்தவர்கள். அந்தப் பொருத்தத்தைச் சொல்லித்தான் மாமியார் அவளைப் பெண் பார்த்துவிட்டு வந்தார். நான் மாதவரம் பால் காலனியில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் வாய்க்கு வந்தபடி பேசக் கூடாது. "என்ன" என்றுதான் கேட்க வேண்டும், "இன்னா" என்று கேட்டால் அப்பா திரும்பிப் பார்ப்பார். அவள் ராயபுரத்துப் பெண். மீன்பிடித் துறைமுகத்துக்கு ஏலம் எடுக்கப் போகிறவர்கள் நடுவில் வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே மாமியாரைப் பார்த்து, "இன்னா அத்தை, ரசத்துல உப்ப தேடிகினு கீறேன், கெடைக்கமாட்டேங்குது" என்றாள். நான் பயந்துபோய் மாமியார் முகத்தைப் பார்த்தேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த வீட்டில் நான் அதுவரை யாரையும் அப்படிச் சிரிக்க வைத்ததில்லை.

நான் முதலில் வேலை பார்த்தது ராயபுரத்தில் ஒரு மருந்துக் கடையில். அந்த முதலாளிக்கு வடசென்னையில் இன்னும் சில கடைகள் உண்டு. நான் பிரசவத்துக்குப் போன சமயத்தில் அவர் வேலைமுறையையே மாற்றினார். ஒவ்வொரு கடையிலும் வருகிற மருந்துச் சீட்டை அங்கேயே படித்து முடிவு செய்வதற்குப் பதிலாக, போட்டோ எடுத்து அனுப்பிவிட வேண்டும். மாதவரத்தில் லாரி ஷெட்டுகளுக்குப் பின்னால் ஒரு மாடியில் உட்கார்ந்திருப்பவர் திரையில் அதைப் படித்து, மருந்தின் பெயர், அளவு, வேளை எல்லாம் சரிபார்த்து ஒப்புதல் கொடுப்பார். உடனே கடையில் லேபிள் அச்சாகி வரும். கடையில் இருப்பவர் எடுத்துக் கொடுத்தால் போதும். கைக்குழந்தைக்காரியான எனக்கு நிற்கிற வேலை கஷ்டம் என்று சொல்லி அந்த மாடி வேலையைக் கொடுத்தார்கள். என் பழைய ஸ்டூலில் என் ஓரகத்தி உட்கார்ந்தாள். நானேதான் சிபாரிசு செய்தேன். நான்கு வருடம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவளை மனிதர்கள் எவ்வளவு சீக்கிரம் மறந்துவிட முடியும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அவளுக்கென்று ஒரு வேலைமுறை இருந்தது. காலையில் சாப்பிட வேண்டிய மாத்திரைக் கட்டுக்கு ஒரு ரப்பர், இரவுக் கட்டுக்கு இரண்டு. எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாதவர்களுக்கும், கண் மங்கியவர்களுக்கும், விடிவதற்கு முன்பே இருட்டில் கிளம்புகிறவர்களுக்கும் விரலால் தடவினாலே தெரிந்துவிடும். "ஒன்னு போட்டா பகலு, ரெண்டு போட்டா ராவு" என்று சொல்லிச் சொல்லி அந்தத் தெருக்களுக்கே அது பாடமாகிவிட்டது. இன்னொரு பழக்கமும் உண்டு. ஏதாவது சந்தேகம் என்றால் ரப்பர் போடமாட்டாள். லேபிள் ஒட்டி, பில் போட்டு எல்லாம் முடிந்திருக்கும். கட்டை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஒரு மருந்தை நிறுத்தி வைக்கும் பொத்தான் என்னுடைய திரையில் மட்டும்தான் இருந்தது, கடையில் கிடையாது. அதனால் ரப்பர் போடாமல் நிற்பதுதான் அவளுடைய பொத்தான். கூட்டம் சேர்கிறது, லேபிள் வந்தால் கொடுத்தனுப்ப வேண்டியதுதானே என்று முதலாளி அவளை அதற்காகக் கடிந்துகொண்டிருக்கிறார்.

சீட்டு மாதவரம் போய் வருவதை வாடிக்கையாளர்களிடம் சொல்ல வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்றும் சொல்லவில்லை. நானாக இருந்தால் வாயைத் திறந்திருக்கமாட்டேன். அவள் எல்லோரிடமும் சொன்னாள். வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் திகைத்துப்போய், "ஏம்மா, என் சுகர் சமாச்சாரம் மாதவரம் வரைக்கும் போய்ட்டு வருதா? நானே அந்தப் பக்கம் போய் வருசமாச்சே" என்று கேட்டாராம். "எங்க அக்காதான் அங்க பட்ச்சி பாக்குறாங்க பாய். உங்க சுகரு அவங்ககிட்ட பத்திரமா இருக்கும்" என்றாளாம் இவள். வீட்டில் இதை அவள் நடித்துக் காட்டியபோது எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ஒரே ஒரு எண்ணம்தான் வந்தது. அந்த பாய்க்கு நான் எத்தனையோ தடவை மருந்து கொடுத்திருக்கிறேன். "அட, அந்தப் பொண்ணா" என்று அவர் கேட்கவில்லையே.

ஒரு நாள் இரண்டு வயதுக் குழந்தைக்கான சீட்டு என் திரைக்கு வந்தது. காய்ச்சல் மருந்து. அந்த வயதுக்கு அளவு அதிகம் என்று பட்டது. சீட்டின் முன்பக்கத்தில் எடை இல்லை. நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். அந்த நிமிடம் கடையில் என்ன நடந்தது என்பது எனக்கு அப்புறம் கேட்டுத் தெரிந்ததுதான். குழந்தையின் அப்பா துறைமுகத்தில் சுமை ஏற்றுகிறவர். வெளியே ஷேர் ஆட்டோவை நிறுத்தி வைத்துவிட்டுக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். "எங்கியோ குந்திகினு எவரோ வேணாம்னா, இங்க கொயந்த கொதிச்சிகினு கீது, கண்ணு தெரியல?" என்று கத்தியிருக்கிறார். இவள் சீட்டைத் திருப்பிப் பார்த்திருக்கிறாள். அந்த கிளினிக்கில் எடையைப் பின்பக்கத்தில் எழுதுவது வழக்கம். போட்டோ எடுப்பவர்கள் முன்பக்கத்தை மட்டும் எடுப்பார்கள்; என் திரைக்குப் பின்பக்கம் என்ற ஒன்றே கிடையாது. எழுதியிருந்த எடைக்கு மருந்தின் அளவு சரியாகத்தான் இருந்தது. ஆனால் இவள் கவுன்டரைச் சுற்றி வெளியே வந்து குழந்தையைத் தூக்கியிருக்கிறாள். "அண்ணே, இது இந்தக் கொயந்த வெயிட்டு இல்ல. கூட யாரு வந்தாங்க?" கூடப் பெரிய பையனும் வந்திருந்தான், அம்மாவோடு ஆட்டோவில் உட்கார்ந்திருந்தான். கிளினிக்கில் இரண்டு பேரையும் அடுத்தடுத்து நிறுத்தி எடை பார்த்ததில் அண்ணனுடைய எடை தம்பி சீட்டில் ஏறிவிட்டது. அவள் கிளினிக்குக்குப் போன் போட்டுக் கேட்டு அளவைத் திருத்தி வாங்கிக் கொடுத்தாள்.

கத்தியவரே அன்று சாயங்காலம் வரைக்கும் தெருவில் நின்று புகழ்ந்தாராம். "கண்ணாலயே எட போட்டுச்சுப்பா அந்தப் பொண்ணு." முதலாளியும் கூட்டத்தில் அவளைத்தான் எழுப்பி நிற்கச் சொல்லிக் கைதட்ட வைத்தார். நானும் தட்டினேன். பொத்தானை அழுத்தியது நான். அழுத்தாமல் விட்டிருந்தால் லேபிள் வந்திருக்கும், அவள் சீட்டைத் திருப்பியிருப்பாளா, குழந்தையைத் தூக்கியிருப்பாளா? தூக்கியிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. அவள் தூக்காமல் விட்டிருந்தால்? யாரோ அவரைச் சமாதானப்படுத்த மறுபடி போட்டோ அனுப்பியிருப்பார்கள், பின்பக்கத்தையும் சேர்த்து. எடையைப் பார்த்ததும் நான் ஒப்புதல் கொடுத்திருப்பேன். குழந்தையின் கனம் எந்தத் திரையிலும் வராது.

அவளுடைய ரப்பரும் ஒரு முறை தவறிப்போனது. இதைச் சொல்லும்போது எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் வருகிறது, அதை மறைத்துப் பயனில்லை. காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு அம்மா. சர்க்கரைக்குக் காலையில் ஒரு மாத்திரை, கால் எரிச்சலுக்கு இரவில் ஒரு மாத்திரை. இரண்டாவது தூக்கத்தைக் கொடுக்கும். மதியம் அவருடைய மகள் பில்லில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தாள். அது மாதவரம் எண், எடுத்தது நான்.

"மேடம், அம்மா காலைலேர்ந்து தூங்கிகினே கீது. எய்ப்பினா எந்திரிக்குது, மறுபடி படுத்துக்குது."

"மாத்திரைக் கட்டு பக்கத்தில் இருக்கிறதா? எதில் எத்தனை ரப்பர்?"

"ரெண்டு கட்டு கீது. ரெண்டுலயும் ஒன்னு ஒன்னு."

"இன்னொரு ரப்பர் எங்கே போச்சு?"

"ஐயோ... நேத்து பாப்பாக்கு சட கட்னேன் மேடம், அதுல இருந்து எட்த்துதான்" என்றாள்.

இரவு மாத்திரையைக் காலையில் போட்டிருக்கிறார். அன்று இரவு சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் படுத்திருந்தால் சர்க்கரை இறங்கி ஆபத்தாகியிருக்கும். அட்டையில் உள்ள பெயரை எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொல்லி எது எது என்று உறுதி செய்து, உடனே டாக்டரிடம் கூட்டிப் போகச் சொல்லி, சாயங்காலமும் நானே போன் செய்து கேட்டேன். எழுந்து டீ குடித்துவிட்டு யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறார் என்று மகள் சொன்னாள். அந்த ஒரு நாள் எனக்கு வேலையின் மேல் பெருமையாக இருந்தது.

அடுத்த வாரம் அந்த அம்மா கடைக்கு வந்தார். பாலிதீன் பையில் சுத்தம் செய்த சங்கரா மீன். "என்ன காப்பாத்துன மகராசி நீதான்" என்று என் ஓரகத்தி கையில் கொடுத்திருக்கிறார். "நான் இல்லம்மா, எங்க அக்காதான் போன்ல புட்ச்சாங்க" என்று இவள் சொல்லியிருக்கிறாள். அவர் கேட்டாராம்: "எந்த அக்கா?"

அந்த மீனை மாமியார் குழம்பு வைத்தார். "சின்னவளுக்குன்னு குட்த்த மீனு, ருசியப் பாரு" என்று எல்லோருக்கும் பரிமாறினார். எனக்கு வர வேண்டிய நன்றியை வேறொருத்தி பெயரில் நான் சோறு போட்டுப் பிசைந்து சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அவள் மட்டும் தட்டிலிருந்து நிமிர்ந்து, "அக்கா, இது உன் மீனு" என்றாள். அதைக்கூட அவள்தான் முதலில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வாரமே அவள் பெரிய ரப்பர்களை விட்டுவிட்டு, எந்தச் சடையையும் கட்ட முடியாத அளவுக்குச் சின்ன ரப்பர்களாகத் தேடி வாங்கினாள். கட்டிலிருந்து உருவினால் அறுந்துவிடும்.

இதையெல்லாம்விடப் பெரிய பொறாமை வீட்டுக்குள் இருந்தது. என் மகனுக்கு மூச்சிழுப்பு உண்டு. மணலிப் பக்கமிருந்து காற்று அடிக்கும் நாட்களில் அவன் மார்பு ஒரு மாதிரி விசில் அடிக்கும். முகமூடி வைத்து மருந்து இழுக்க வேண்டும், இரவில் ஒரு மாத்திரை மெல்ல வேண்டும். நான் முகமூடியை எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். நான் சரியாகப் பிடிக்கிறேனா, இறுக்கமாக இருக்கிறதா, எத்தனை மூச்சு ஆயிற்று என்று எனக்கு ஒவ்வொன்றும் சந்தேகம். அந்தப் பயம் கை வழியாக அவனுக்கும் போய்விடுகிறதோ என்னவோ. அவள் வந்து, "வாடா பைலட்டு, மாஸ்க் மாட்டு, டேக் ஆஃப்பு" என்பாள். அவன் ஓடிவந்து அவள் மடியில் உட்கார்ந்து, அவளுடைய மணிக்கட்டு ரப்பர்களை இழுத்து விட்டு விளையாடிக்கொண்டே இழுத்து முடிப்பான். கதவோரம் நின்று பார்ப்பேன். குழந்தைக்கு மூச்சு சரியாகிறது என்று நிம்மதிப்பட வேண்டிய தாய், அந்த ரப்பர் சத்தத்தை எண்ணிக்கொண்டு நிற்பேன்.

கொழுந்தனுக்கு ஓசூர் தொழிற்சாலைக்கு மாற்றல் வந்தது. அவள் கிளம்பிய அன்று மகன் அழுதான், மாமியார் அழுதார், கடைக்கு வருகிறவர்கள் அழுதார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அழுகை வரவில்லை. இனி வீட்டில் கொஞ்சம் இடம் கிடைக்கும் என்று நினைத்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கடையின் மருந்துச் சீட்டை இன்னொரு இடத்தில் படிக்கக் கொடுப்பதற்கு விதிமுறை வேண்டும் என்ற பேச்சு எங்கள் தொழிலில் அடிபடுகிறது. வியாபாரிகள் சங்கம் ஒவ்வொரு கடையிடமும் கருத்துக் கேட்டிருக்கிறது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "படிக்கிறது நீதானே, நீயே எழுதிடும்மா" என்று சொல்லிவிட்டார். இன்னும் சில கடைகளையும் என் திரைக்குக் கொண்டுவரப் போகிறாராம். மூன்று வரி எழுதிவிட்டேன். சீட்டு வேறு இடத்துக்குப் போகிறது என்று வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டும். சீட்டின் இரண்டு பக்கமும் போக வேண்டும். படித்தவர் பெயர், கொடுத்தவர் பெயர் இரண்டும் லேபிளில் இருக்க வேண்டும். மூன்றாவது வரியை எழுதும்போது அந்த மீன்கார அம்மாவின் முகம் ஞாபகம் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான்காவது வரியைத்தான் எழுதி எழுதி அழிக்கிறேன். மருந்தை நிறுத்தி வைக்கும் அதிகாரம் கவுன்டரில் இருப்பவருக்கும் வேண்டும், லேபிள் வந்த பிறகும்கூட. முதலாளிக்கு இது பிடிக்காது. கூட்டம் தேங்கும் என்பார். அதற்காக நான் தயங்கவில்லை. அந்த வரி அவள்தான். அவள் ரப்பர் போடாமல் நின்ற அத்தனை நாட்களையும் எடுத்து நான் என் கையால் விதியாக எழுதிக் கொடுக்க வேண்டும். வேண்டாம் என்று வாதாடவும் என்னிடம் காரணம் உண்டு. கவுன்டருக்கு வருகிறவர் பாதி நேரம் நோயாளியே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர், ஆட்டோக்காரர், துறைமுகம் போகிற வழியில் வாங்கிக்கொண்டு போகிறவர். முகம் பார்த்துச் சந்தேகப்பட்டால் தேவையானவருக்கு மருந்து தாமதமாகும். இந்தக் காரணங்கள் சரியானவை. ஆனால் இவை எனக்கு மளமளவென்று தோன்றுவதைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது. அந்த வரி இல்லாவிட்டால் கவுன்டரில் இனி அவளைப் போல் ஒருத்தி வரவே முடியாது. கைதட்டலும் மீனும் யாருக்கும் இல்லை. அது எனக்குப் பிடித்திருக்கிறதோ?

அவளுக்கே போன் செய்து கேட்டேன், பட்டும் படாமலும்.

"இன்னாக்கா, எனக்கெல்லாமா சட்டம் போட்றாங்க? ரப்பர் சட்டம்னு பேர் வெச்சிடு" என்று சிரித்தாள். பிறகு, "நீ நிறுத்துனதாலதாங்கா அன்னிக்கு நான் கொயந்தயத் தூக்குனேன். நீ நிறுத்தலன்னா கட்டிக் குட்த்துட்டிருப்பேன், அவ்ளோ கூட்டம்" என்றாள். இத்தனை நாள் அவள் இதைச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இதையும் என்னைவிட அவளால்தானே இவ்வளவு லேசாகச் சொல்ல முடிகிறது என்றுதான் பட்டது. "பைலட்டு எப்டி கீறான்?" என்று கேட்டாள். நன்றாக இருக்கிறான் என்றேன்.

நேற்று சாயங்காலம் மகனுடைய மாத்திரை ராயபுரம் கடையிலிருந்து வீட்டுக்கு வந்தது. சீட்டை என் திரையில் படித்து ஒப்புதல் கொடுத்தது நான்தான். கட்டியது கவுன்டருக்குப் புதிதாக வந்திருக்கும் பெண். லேபிள் வந்தது, எடுத்தாள், ஒரு பெரிய மஞ்சள் ரப்பரைப் போட்டு அனுப்பிவிட்டாள். அந்தப் பெண்ணின் வேலையில் குறை ஒன்றுமில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு நான் மாத்திரையைப் பிரிக்கப் போனபோது மகன் கட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது ஒன்னு. பகலு" என்றான். "இல்லடா கண்ணா, இது ராத்திரிக்கு." "ஒன்னு போட்டா பகலுன்னு சித்தி சொன்னாங்க" என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டான். இந்த மாத்திரையைக் காலையில் கொடுத்தால் பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை. எல்லா மாத்திரையும் அப்படியில்லை. அந்தத் தெருக்களில் எத்தனை வீடுகளில் இன்னும் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களோ.

சமையலறைக்குப் போனேன். ஜன்னல் கொக்கியில் என் ஓரகத்தியின் பச்சை ரப்பர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்து வந்து மஞ்சளுக்குப் பக்கத்தில் இரண்டாவதாகப் போட்டேன். மகன் தடவிப் பார்த்தான். வாயைத் திறந்தான். மென்று முடித்துவிட்டு மஞ்சள் ரப்பரைக் கழற்றி என் மணிக்கட்டில் மாட்டிவிட்டான். அது எனக்குத் தொளதொளவென்று இருக்கிறது. இதை எழுதும்போதும் காகிதத்தில் உரசுகிறது.

இந்த வாரத்துக்குள் முதலாளியிடம் கொடுக்க வேண்டும். உங்களில் கவுன்டருக்குப் பின்னால் நின்றவர்கள் இருப்பீர்கள். உங்கள் சீட்டு எங்கே போய் வருகிறது என்று தெரியாமல் முன்னால் நின்றவர்களும் இருப்பீர்கள். நான்காவது வரியை எழுதட்டுமா? அது அவள் கைக்குப் போகிற இன்னொரு பை மீன் என்று தெரிந்தே எழுதட்டுமா? என்னைத் தேற்ற வேண்டாம். எழுது, எழுதாதே என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.